டீசல் ஹீற்றரை வேனின் எண்ணெய்த் தாங்கியோடு இணைப்பது: ‘ரீ’ இணைப்பா, தனிக் குழாயா?

கல்லடிப் பயணி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைஏஸ் எல்எச் 113, நம் பக்கத்தில் டொல்பின் என்று அழைக்கப்படும் வேன். 3எல் டீசல் இயந்திரம். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் சிறு சமையல் மேடையும் அமைத்து, குடும்பத்தோடு தங்கிப் பயணிப்பதற்கு ஏற்றவாறு மாற்றியிருக்கிறேன். சூடான கச்சான் காற்று வீசும் மட்டக்களப்பில் ஹீற்றர் எதற்கு என்று பலர் கேட்டார்கள். செங்கலடியில் ஏறினால் மகா ஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை வழியாக ஒரே வீதியில் நுவரெலியாவுக்குப் போய்விடலாம் என்பதால் எங்கள் பயணங்களில் பாதி மலைநாட்டுக்குத்தான். கடந்த தை மாதம் அங்கே வேனுக்குள் உறங்கிய இரவில் சிறிய மகள் விடியும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தாள். அதன் பிறகுதான் சீனாவில் செய்யப்பட்ட 2 கிலோவாற்று டீசல் ஹீற்றர் ஒன்றை வாங்கினேன்.

அதைப் பொருத்திய கராஜில், தாங்கியிலிருந்து இயந்திரத்தின் எண்ணெய் பில்டருக்கு வரும் குழாயை வெட்டி, மூன்று வாய்கள் கொண்ட ‘ரீ’ இணைப்பு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து ஹீற்றருக்கு எண்ணெய் எடுத்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இரண்டு தொல்லைகள். வேன் இரண்டு நாள் நின்றுவிட்டால் காலையில் நீண்ட நேரம் சுற்றவேண்டியிருக்கிறது. பில்டரின் மேலுள்ள கைப்பம்பை இருபது முப்பது தடவை அழுத்திய பிறகே இயந்திரம் பிடிக்கிறது. ஹீற்றரும் முதல் தடவையில் பற்றுவதில்லை. மூன்றாம் முயற்சியில் பற்றினாலும், வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுச் சில வேளைகளில் அணைந்துவிடுகிறது. ஹீற்றர் பழுதா, இணைப்பு பிழையா என்று எனக்கு விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

காரைதீவுப் பழைய மெக்கானிக்

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன். ஹீற்றரில் கைவைக்க முன்னர் இணைப்பைப் பாருங்கள்.

3எல் இயந்திரத்தில் தாங்கிக்குள் மின்பம்ப் எதுவும் இல்லை. இயந்திரத்தோடு பூட்டப்பட்டிருக்கும் சுழல்வகை எண்ணெய்ப் பம்பே தனக்குத் தேவையான டீசலைத் தாங்கியிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே தாங்கிக்கும் அந்தப் பம்புக்கும் இடைப்பட்ட குழாய் முழுவதும், இயந்திரம் ஓடும்போது, உள்ளே தள்ளப்படும் அமுக்கத்தில் அல்ல, இழுக்கப்படும் அமுக்கத்தில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் இப்படிப்பட்ட வேலைகள் நடக்கின்றன. அமுக்கத்தோடு ஓடும் குழாயில் ஒரு நுண்ணிய இடைவெளி இருந்தால் டீசல் வெளியே கசிந்து நிலத்தில் கறை காட்டிக்கொடுக்கும். உறிஞ்சப்படும் குழாயில் அதே இடைவெளி இருந்தால் ஒரு துளியும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நீங்கள் வேனுக்கு அடியில் படுத்து எவ்வளவு தேடினாலும் ஈரத்தைக் காணமாட்டீர்கள்.

உங்கள் ‘ரீ’ இணைப்பிலிருந்து ஹீற்றரின் சிறு பம்ப் வரை எத்தனை இறப்பர்த் துண்டுகள், எத்தனை கிளிப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இடையில் ஒரு பிளாஸ்ரிக் பில்டரும் இருக்கும். அவை ஒவ்வொன்றும் இப்போது உங்கள் இயந்திரத்தின் எண்ணெய்ப் பாதையின் பகுதியாகிவிட்டன. வேன் நிற்கும்போது அந்த வழியே காற்று மெல்ல நுழைய, குழாயில் நின்ற டீசல் தன் பாரத்தால் தாங்கிக்குத் திரும்பிவிடுகிறது. காலையில் நீங்கள் கைப்பம்பை அழுத்துவது அந்த வெறுமையை நிரப்பத்தான்.

நான் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். ஹீற்றருக்குப் போகும் கிளையை ‘ரீ’யிலேயே கழற்றி, அந்த வாயில் எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் சிறு இறப்பர்க் குழாயைப் போட்டு, அதன் மறுமுனையை ஒரு ஆணியால் அடைத்து, இரு பக்கமும் கிளிப் இறுக்கிவிடுங்கள். கைப்பம்பால் காற்றை எடுத்த பின்னர் இரண்டு இரவு நிறுத்திவையுங்கள். மூன்றாம் நாள் வழமைபோலப் பிடித்தால் விடை கிடைத்துவிட்டது.

அக்கரைப்பற்று உதிரிப்பாகம்

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியவர் சொன்ன காரணம் சரியானது. ஆனால் அதற்காகத் தாங்கியை இறக்கித் தனிக் குழாய் போடுவது பெரிய வேலை. வரும் குழாயை விட்டுவிட்டு, இயந்திரத்திலிருந்து தாங்கிக்குத் திரும்பிப் போகும் குழாயில் ‘ரீ’ போட்டால் என்ன? அந்தக் குழாய் உறிஞ்சப்படுவதில்லை. காற்றுப் போனாலும் தாங்கிக்குத்தான் போகும், இயந்திரத்துக்குப் பாதிப்பில்லை. என்னிடம் பொருட்கள் வாங்கிய இருவர் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

காரைதீவுப் பழைய மெக்கானிக்

வஅலைக்கும் ஸலாம் தம்பி. இயந்திரத்தைக் காப்பாற்றும் வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹீற்றரின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது நல்ல இடமல்ல. திரும்பும் குழாயில் வருவது இன்ஜெக்டர்களில் மிஞ்சியதும் பம்பிலிருந்து வழிந்ததுமான டீசல். அது சூடாகவும், நுரையும் குமிழியும் கலந்தும் வரும். மேலும், இரவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தானே ஹீற்றரைப் போடுகிறோம்? அந்த வேளையில் திரும்பும் குழாயில் எதுவும் ஓடுவதில்லை. தாங்கிக்குள் அந்தக் குழாயின் நுனி அடிவரை இறங்கி டீசலுக்குள் அமிழ்ந்திருந்தால் ஹீற்றரின் பம்ப் அதன் வழியாகப் பின்னோக்கி உறிஞ்சிக்கொள்ளும். நுனி மேலேயே நின்றுவிட்டால் குழாயில் மிஞ்சிய சிறிதளவு டீசலைக் குடித்து முடித்ததும் காற்றைத்தான் இழுக்கும். அந்த இருவருக்கும் நன்றாக வேலை செய்கிறதென்றால் அவர்களுடைய தாங்கியில் நுனி அமிழ்ந்திருக்கிறது என்று பொருள். எல்லா வேனிலும் அப்படி இருக்கும் என்று எண்ணிச் செய்ய முடியாது.

சூரிச் மட்டுநகரான்

நான் மட்டக்களப்பில் பிறந்து சுவிற்சர்லாந்தில் வாகனத் திருத்தத் துறையில் வேலை செய்கிறேன். இங்கே லொறிகளிலும் முகாம் வேன்களிலும் வெபாஸ்ரோ, எபர்ஸ்பேக்கர் ஆகிய ஜேர்மன் நிறுவனங்களின் ஹீற்றர்கள் அன்றாடம் கைக்கு வருபவை. உங்கள் ஹீற்றரும் அதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

பொருத்தும் கைநூல்கள் ‘ரீ’ இணைப்பை முற்றாக விலக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். எண்ணெய் உயர்த்தும் பம்ப் வாகனத்தில் இருந்தால் அதற்கு முன்பாகவே போடவேண்டும், கிளை மேல்நோக்கி நிற்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அதை ஏற்கிறார்கள். கிளை மேல்நோக்கி நின்றால் பிரதான குழாயில் போகும் குமிழிகள் எல்லாம் அந்த வாயில் ஏறி ஹீற்றருக்குப் போகும். ஆயினும் முதலில் சொல்லப்படும் வழி, தாங்கியின் மேற்பக்கத்தால் இறக்கப்படும் தனி உறிஞ்சுகுழாய்தான். மெர்சிடிஸ் ஸ்பிரின்ரர் போன்ற வேன்களில் இதற்கென்றே ஒரு வாயைத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்புகிறார்கள். டொல்பினில் அத்தகைய வசதி இல்லையென்றால் நாமே அமைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

தனிக் குழாய்க்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்தக் குழாயின் நுனியைத் தாங்கியின் அடிமட்டத்துக்கு மேலே நிறுத்திவிட்டால், ஹீற்றர் எத்தனை இரவு ஓடினாலும் அந்த மட்டத்துக்குக் கீழுள்ள டீசலைத் தொட முடியாது. மலையில், எண்ணெய் நிலையம் தொலைவிலிருக்கும் இடத்தில், விடியற்காலையில் வேன் பிடிக்காமல் நிற்கும் நிலை வராது. ‘ரீ’யில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

பொத்துவில் அலை

நான் வேறு வழியில் போனேன். அதையும் இங்கே பதிவு செய்கிறேன். அறுகம்பையில் கடற்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவர்களை மொனராகலை, வெல்லவாய வழியாக அப்புத்தளைக்கு அழைத்துச் செல்கிறேன். ஹீற்றரோடு பெட்டியில் வந்த 10 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கியையே பயன்படுத்தினேன். வேனின் எண்ணெய்ப் பாதையில் கைவைக்கத் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல். மண்ணெண்ணெயும் ஊற்றிக்கொள்ளலாம், அது டீசலைவிடச் சுத்தமாக எரிகிறது, புகைக்கரி குறைவு.

முதலில் தாங்கியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். அப்புத்தளைக்கு ஏறும் வளைவுகளில் மூடியின் காற்றுத் துளையால் எண்ணெய் தெறித்து, மெத்தையெல்லாம் நாறிவிட்டது. துவைத்தும் மாதக்கணக்கில் அந்த மணம் போகவில்லை. இப்போது வேனின் பின்புறம் வெளியே ஒரு இரும்புப் பெட்டி செய்து அதற்குள் வைத்திருக்கிறேன்.

சூரிச் மட்டுநகரான்

அண்ணன், வெளியே எடுத்தது மிகச் சரியான முடிவு. இத்தகைய ஹீற்றர்களுக்கான ஐக்கிய நாடுகளின் 122ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, எண்ணெய் ஊற்றும் வாய் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் அமையக்கூடாது என்றே சொல்கிறது. எண்ணெய் நிரப்பும்போது ஹீற்றரை அணைக்கவேண்டும் என்ற அறிவித்தலும் வாய்க்கு அருகில் இருக்கவேண்டும். சட்டம் நம் நாட்டில் எப்படியிருந்தாலும், அதன் பின்னாலுள்ள காரணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அந்தப் பிளாஸ்ரிக் தாங்கியின் வாய் அடிப்பக்கத்தில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அடியில் வாய் இருந்தால் இறப்பர் வெடித்த அன்று 10 லீற்றரும் வீதியில் ஊற்றும்; மேற்பக்கத்தால் உறிஞ்சினால் அந்த அபாயம் குறைவு. மண்ணெண்ணெய் சுத்தமாக எரிவது உண்மை. ஆனால் அதற்கு வழுவழுப்புக் குறைவு, பம்பின் உள்ளுறுப்பு விரைவில் தேயும். பெற்றோலை மட்டும் ஒருபோதும் டீசல் ஹீற்றருக்குக் கொடுக்கக்கூடாது. பெற்றோலில் ஓடும் ஹைஏஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்கியில் துளைபோடப் போகவேண்டாம். அவர்களுக்குப் பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட வேறு ஹீற்றர் இருக்கிறது.

கல்லடிப் பயணி

ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். கிளையை அடைத்து இரண்டு இரவல்ல, மூன்று இரவு நிறுத்தினேன். இன்று காலை சாவியைத் திருப்பியவுடன் இயந்திரம் பிடித்துக்கொண்டது. கைப்பம்பைத் தொடவே தேவைப்படவில்லை. மிக்க நன்றி ஐயா.

ஆகவே தனிக் குழாய் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். தாங்கியை எப்படித் துளைப்பது, குழாயின் நுனி எவ்வளவு ஆழத்தில் நிற்கவேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

காரைதீவுப் பழைய மெக்கானிக்

தம்பி, தாங்கியைத் துளைக்கவேண்டாம். எண்ணெய் மட்டத்தைக் காட்டும் மிதவைமானி ஒரு வட்டத் தகட்டில் பூட்டப்பட்டிருக்கிறதல்லவா, அந்தத் தகட்டைக் கழற்றி வெளியே எடுத்து, மேசையில் வைத்துத் துளையுங்கள். தாங்கிக்குள் ஒரு இரும்புத் துகள்கூட விழாது, தீப்பொறி பற்றிய பயமும் இல்லை. வெறும் தாங்கியில் எண்ணெய் இல்லைத்தானே என்று எண்ணி ஒட்டுவேலைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். நிரம்பிய தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறும் தாங்கிதான் வெடிக்கும். என் தொழிலில் நான் யாரோடும் விட்டுக்கொடுக்காத விடயம் இது.

துளைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மிதவையின் கை மேலும் கீழும் அசையும் பாதையை விட்டு விலகி நில்லுங்கள். குழாயில் அந்தக் கை முட்டினால் மானி பொய் சொல்லத் தொடங்கும். குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் அடியிலிருந்து ஏதேனும் ஒரு தூசுத் தகடு வந்து வாயை முழுதாக மூடிவிட வாய்ப்புண்டு. ஆழம் பற்றி: தாங்கியின் உள்ளாழத்தை ஒரு சுத்தமான கோலால் அளந்து, அதில் ஏறத்தாழக் கால் பங்கு அடியில் மிஞ்சும்படி நிறுத்துங்கள். எண்ணெய்க்கு வரிசையில் நின்ற 2022இல் கலன்களில் வாங்கி ஊற்றிய டீசலின் கசடு இன்றும் பல வாகனங்களின் தாங்கியடியில் கிடக்கிறது. நம் கரையோர ஈரக்காற்றால் தாங்கிக்குள் வியர்க்கும் நீரும் அங்கேதான் போய்ச் சேரும். இயந்திரத்தின் குழாயில் அவற்றைப் பிரிக்கப் பெரிய பில்டர் இருக்கிறது. ஹீற்றருக்கு இருப்பது விரல் பருமனான பில்டர் மட்டுமே.

உறிஞ்சுகுழாய் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். செம்புக் குழாய் வளைக்க இலகு என்று சிலர் போடுவார்கள். செம்பு டீசலைக் கெடுக்கும், பிசின் பிடிக்கும்.

சூரிச் மட்டுநகரான்

தாங்கியிலிருந்து வெளியே வந்த பிறகுள்ள பாதையை நான் சொல்கிறேன், ஏனென்றால் வெள்ளைப் புகைக்கு விடை அங்கே இருக்கிறது.

இந்த ஹீற்றரில் எண்ணெய் தொடர்ந்து ஓடுவதில்லை. டிக், டிக் என்று ஒலிக்கும் அந்தச் சிறு பம்ப் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு குறித்த அளவைத் தள்ளுகிறது. உங்களுடையதைப் போன்ற பம்புகளில் பெரும்பாலும் ஆயிரம் துடிப்புக்கு 22 மில்லிலீற்றர் என்ற கணக்கு. 2 கிலோவாற்று ஹீற்றர் ஒன்று குறைந்த நிலையில் மணிக்கு ஏறத்தாழ 0.1 லீற்றர் எரிக்கும். அப்படியென்றால் வினாடிக்கு ஒன்றேகால் துடிப்பு. இப்போது குமிழியின் கணக்கைப் பாருங்கள். உள்விட்டம் 2 மில்லிமீற்றர் கொண்ட குழாயில் ஒரு சென்ரிமீற்றர் நீளக் குமிழி வந்தால் அதன் கொள்ளளவு ஒன்றரைத் துடிப்புத்தான். சுடர் அதைத் தாங்கிக்கொள்ளும். உள்விட்டம் 5 மில்லிமீற்றர் கொண்ட இறப்பர்க் குழாயில் அதே நீளக் குமிழி வந்தால் ஒன்பது துடிப்பு, அதாவது ஏழு வினாடி எண்ணெய் இல்லை. சுடர் அணைந்துவிடும். அதன் பின்னர் வரும் டீசல் சூடான அறைக்குள் எரியாமல் ஆவியாகி வெளியேறுகிறது. நீங்கள் கண்ட வெள்ளைப் புகை அதுதான்.

ஆகவே குழாய் முழுவதும் மெல்லிய, விறைப்பான நைலோன் குழாயாக இருக்கட்டும். இறப்பர், மூட்டு வரும் இடங்களில் மட்டும். அங்கும் இரண்டு நைலோன் முனைகளும் இறப்பருக்குள் ஒன்றோடொன்று முட்டி நிற்கவேண்டும். இடைவெளி விட்டால் குமிழிகள் கூடிப் பெருக அது ஓர் அறையாகிவிடும். நைலோனைக் கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டாமல், கூரிய அலகால் நேராக வெட்டுங்கள். கிளிப் எண்ணெய்க் குழாய்க்குரிய சுற்றுக் கிளிப்பாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பல்லுள்ள கிளிப் இவ்வளவு மெல்லிய இறப்பரைச் சமமாக இறுக்காது.

பம்ப் இழுப்பதைவிடத் தள்ளுவதில் வல்லது. எனவே அது தாங்கிக்கு அருகில் இருக்கட்டும், ஹீற்றருக்கு அருகில் அல்ல. படுக்கவைக்காமல், வெளியேறும் வாய் மேலே நிற்கும்படி சாய்த்துக் கட்டுங்கள். உள்ளே வந்த குமிழி தானாகவே ஏறிப் போய்விடும். பில்டர் பம்புக்கு முன்னால் வரவேண்டும். வேனுக்கு அடியில் போகும் குழாய் புகைக்குழாயின் அருகே போகவே கூடாது.

கல்முனை கேடிஎச்

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது கேடிஎச் வகை ஹைஏஸ், 2கேடி காமன் ரெயில் இயந்திரம், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அமுக்கக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. பெரியவர் சொன்ன உறிஞ்சல் கதை இதற்கும் பொருந்துமா?

காரைதீவுப் பழைய மெக்கானிக்

பொருந்தும் தம்பி, இன்னும் கூடுதலாகவே பொருந்தும். உங்கள் உயர் அமுக்கப் பம்பும் டீசலை இழுத்துத்தான் எடுக்கிறது. டொல்பினின் பழைய பம்ப் சிறிது காற்றைப் பொறுத்துக்கொண்டு இருமிக்கொண்டாவது ஓடும். காமன் ரெயிலில் காற்றுப் புகுந்தால் அமுக்கம் நிலைக்காது, கணினி இயந்திரத்தை நிறுத்திவிடும். அந்தப் பம்பின் விலையை நினைத்தாவது அதன் குழாயை வெட்டாதீர்கள்.

கல்லடிப் பயணி

வேலை முடிந்தது. தாங்கியை இறக்காமல் மானித் தகட்டை எடுக்க முடியவில்லை. ஆகவே தாங்கியிலிருந்த டீசலைக் கலன்களில் வடித்துவைத்துவிட்டு, மச்சானும் நானும் ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவிட்டு இறக்கினோம். நல்லதாய்ப் போயிற்று. ஐயா சொன்னதுபோல அடியில் கறுத்த சேறும், அதன் மேல் ஒரு கோப்பை அளவு நீரும் இருந்தன. கழுவி உலர்த்திய பின்னர், தாங்கியின் உள்ளாழம் 22 சென்ரிமீற்றர் என்று கண்டு, குழாயின் நுனியை அடியிலிருந்து 5 சென்ரிமீற்றர் உயரத்தில் நிறுத்தினோம். மிதவையின் கையைப் பலமுறை அசைத்துப் பார்த்துத்தான் தகட்டைத் திரும்பப் பூட்டினோம். பழைய காஸ்கெற் நைந்திருந்தது. அக்கரைப்பற்றுக் காக்கா புதியதை மறுநாளே அனுப்பிவைத்தார், அவருக்கு நன்றி. ‘ரீ’ இணைப்பை எடுத்துவிட்டு இயந்திரத்தின் குழாய்க்கு இடையில் மூட்டே இல்லாத புதிய துண்டைப் போட்டிருக்கிறோம்.

முதல் தடவை குழாய் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு பற்றிய சுடர் நாற்பது நிமிடம் ஆடாமல் எரிந்தது. கல்லடியின் வெக்கையில் கதவுகளைத் திறந்துவைத்து, வியர்க்க வியர்க்க அந்தச் சூட்டுக்கு முன்னால் நாங்கள் இருவரும் மகிழ்ச்சியோடு அமர்ந்திருந்தோம்.

சூரிச் மட்டுநகரான்

மிக நன்று. இனி மலைக்குப் போவதற்கு முன்னர் புகைவழியைப் பற்றிப் பேசவேண்டும். எண்ணெய்ப் பாதையில் பிழை விட்டால் ஹீற்றர் அணையும். இதில் பிழை விட்டால் உறங்குகிறவர்கள் எழமாட்டார்கள்.

இந்த ஹீற்றருக்குள் இரண்டு காற்று ஓட்டங்கள் உண்டு. வேனுக்குள்ளிருந்து எடுத்து, சூடாக்கி, வேனுக்குள்ளேயே விடும் காற்று ஒன்று. வெளியிலிருந்து எடுத்து, எரித்து, வெளியே விடும் காற்று மற்றையது. இரண்டையும் பிரிப்பது ஒரு வார்ப்பு உலோகச் சுவர் மட்டுமே. எரிவதற்கான காற்றுக் குழாயும் புகைக்குழாயும் கட்டாயம் தரைத்தகட்டுக்குக் கீழே, வெளியே இருக்கவேண்டும்; ஹீற்றருக்கும் தரைக்கும் இடையிலுள்ள காஸ்கெற் சரியாக அமர்ந்திருக்கவேண்டும். புகைக்குழாயின் வாய் சன்னலுக்கோ கதவுக்கோ கீழே முடியக்கூடாது, காற்றை எடுக்கும் வாயின் பக்கமும் பார்க்கக்கூடாது. சில சைலன்சர்கள் தையல்களில் புகை கசியும் மலிவான வகை. வாங்கும்போது ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஊதிப் பாருங்கள். குழாய் எங்காவது தாழ்ந்து வளைந்தால் அந்தத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை தேவை. பல சைலன்சர்களில் அது ஏற்கெனவே இருக்கும். அது கீழே பார்க்கும்படி பூட்டினால் போதும்.

காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான நாட்டத்தோடு அதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் குமட்டலும் வந்தால் குளிரென்றோ பயணக் களைப்பென்றோ எண்ணிப் படுத்துவிடுவோம். அதை அறிவிக்கும் அலாரம் ஒன்று இல்லாமல் பிள்ளைகளை அந்த வேனில் உறங்கவிடாதீர்கள். வாகனங்களுக்கும் படகுகளுக்கும் உரிய தரம் ஈஎன் 50291-2. அந்த இலக்கம் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கல்லடிப் பயணி

அலாரம் இப்போதுதான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. அது வரும்வரை பயணத்தைப் பின்போட்டிருந்தேன். தலைமாட்டுக்கு அருகில் பொருத்திவிட்டேன்.

கல்லடிப் பயணி

நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு நேற்றுத்தான் திரும்பினோம். முதல் இரவு முழுவதும் ஹீற்றர் ஓடியது. மகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு உறங்கினாள். இரண்டு இரவிலும் சேர்த்து இரண்டு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகியிருக்கும். அலாரம் அமைதியாகவே இருந்தது. பற்றும்போது பற்றரி அழுத்தம் சிறிது இறங்கியது. பற்றிய பிறகு நிலைத்துவிட்டது. காலையில் இயந்திரம் முதல் சுற்றிலேயே பிடித்தது.

ஆனால் இரண்டாம் இரவில் புகைக்குழாயின் வாயில் கறுப்புக் கரி படிந்திருந்ததைக் கண்டேன், சிறிது கறுத்த புகையும் வந்தது. ஊரில் சோதித்தபோது அப்படி இருக்கவில்லை. மீண்டும் எண்ணெய்ப் பாதையில் ஏதும் பிழையா?

சூரிச் மட்டுநகரான்

இல்லை அண்ணன், இது மலையின் வேலை. வெள்ளைப் புகை எண்ணெய் எரியாமல் போவது. கறுத்த புகை காற்றுப் போதாமல் எரிவது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கல்லடியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்போ ஒவ்வொரு துடிப்புக்கும் அதே அளவு டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. விசிறி தரும் காற்று மெலிந்துவிட்டதால் மிஞ்சும் கரி எரியறையில் படிகிறது. ஜேர்மன் ஹீற்றர்கள் பலவற்றின் கைநூல்களும் 1,500 மீற்றர் வரைதான் தடையின்றி இயக்கலாம், அதற்கு மேல் குறுகிய காலத்துக்கு மட்டும் என்கின்றன.

உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பம்பின் துடிப்பு வேகத்தை மாற்றும் வசதி இருந்தால், மலைக்கு ஏறியதும் அதைச் சிறிது குறையுங்கள். புகை தெளிந்த இடத்தில் நிறுத்துங்கள். ஊருக்கு இறங்கியதும் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடவேண்டும். இரவு முழுவதும் மிகக் குறைந்த நிலையில் ஓடவிட்டாலும் கரி படியும். அணைக்க முன்னர் அரை மணி நேரம் முழு நிலையில் ஓடவிட்டால் பெரும்பகுதி எரிந்து போய்விடும். அணைக்கும்போது ஹீற்றரின் பொத்தானால் மட்டும் அணையுங்கள். அது சில நிமிடம் விசிறியை ஓட்டித் தன்னைக் குளிரவைக்கும். அதற்குள் பற்றரியின் பிரதான சுவிச்சை நிறுத்திவிட்டால் உள்ளே தேங்கிய சூடு ஹீற்றரையே கெடுத்துவிடும்.

காரைதீவுப் பழைய மெக்கானிக்

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. மலைக்குப் போகாத மாதங்களிலும் மாதத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நம் வாவிக்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. பம்பின் மின்சொருகியைக் கழற்றிப் பார்த்துப் பச்சை பூத்திருந்தால் துடைத்துவிடுங்கள். மார்கழி வெள்ளத்தில் வேனை ஓட்ட நேர்ந்தால், தண்ணீர் வடிந்த மறுநாளே அந்த இடத்தையும் புகைக்குழாயின் வாயையும் பாருங்கள்.

அக்கரைப்பற்று உதிரிப்பாகம்

திரும்பும் குழாயில் போட்ட இருவரையும் அழைத்துப் பேசினேன். ஒருவருடைய ஹீற்றர் தாங்கி அரைவாசிக்குக் கீழே போனதும் நின்றுவிடுகிறதாம். இவ்வளவு நாளும் அவர் அதை ஹீற்றரின் பழுது என்றே எண்ணியிருக்கிறார். அடுத்த வாரம் அவரும் தாங்கியை இறக்குகிறார். உறிஞ்சுகுழாய் நான் எடுத்துவைத்திருக்கிறேன். ஆழத்தை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.